தார்பாயில் வரைந்த முகம்

ராயபுரம்
8 ஜூன் 2025

அப்பாவுக்கு,

என் நம்பரை நீங்கள் பிளாக் செய்து ஐந்து மாதம் ஆகிறது. அம்மாவின் போனிலும் செய்ய வைத்துவிட்டீர்கள். தம்பி சிவா மட்டும் எப்போதாவது 'சாப்டியா' என்று ஒரு வரி அனுப்புகிறான். அவனை நடுவில் நிறுத்தித் தூது போக வைக்க எனக்கு விருப்பமில்லை. அதனால் தபால்.

ஜூலை பதினொன்று முதல் இருபது வரை எழும்பூரில் ஓர் ஓவியக் கண்காட்சி நடக்கிறது. ஏழு பேர் படங்கள். ஒன்று என்னுடையது. எட்டடி உயரம், ஆறடி அகலம். லாரித் தார்பாயில் வரைந்தேன். அதில் இருப்பது நான்தான். யாரோ சொல்லி உங்கள் காதுக்கு வருவதைவிட நானே சொல்லிவிடலாம் என்று எழுதுகிறேன். அழைக்கவில்லை, தெரிவிக்கிறேன்.

நான் கோபித்துக்கொண்டு ஓடிவிட்டேன் என்று சொந்தக்காரர்களிடம் சொல்லியிருக்கிறீர்களாம். ஏன் போனேன் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். மண்ணூர் மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பப் பொண்ணு போட்டோ வேண்டுமென்று படப்பை ஸ்டுடியோவுக்குக் கூட்டிப் போனீர்கள். அம்மா என் வலது கையை முந்தானைக்குள் சுருட்டி வைத்தாள். ஸ்டுடியோக்காரர் கோபால் சிரித்தார். "எதுக்கும்மா மறைக்கிறீங்க? ரெண்டு விரல்தான? கம்ப்யூட்டர்ல ஒட்டிட்டா போச்சு. நெயில் பாலிஷோடவே போட்டுத் தர்றேன்" என்றார். அரை மணி நேரத்தில் என் கையில் யாரோ ஒரு பெண்ணின் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் முளைத்திருந்தன. நீங்கள் பிரிண்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "இப்ப நல்லா கீதும்மா" என்றீர்கள்.

இரண்டு வருடமாக மூன்று விரலோடு சாப்பிட்டு, துணி துவைத்து, எழுதப் பழகியவள் நான். அந்த நிமிடம்தான் எனக்கு ஏதோ குறைந்துவிட்டது போல இருந்தது. மறுநாள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

இங்கே ஷாரோன் என்ற சிற்பியின் குடோனில் ஒரு பக்கம் எனக்கு. குழந்தைகளுக்கு ஓவிய வகுப்பு எடுக்கிறேன். நன்றாக இருக்கிறேன்.

கலைமதி


சேரப்பணஞ்சேரி
15.6.2025

கலைமதிக்கு அப்பா எழுதுவது.

நீங்கள், நீங்கள் என்று எழுதியிருக்கிறாய். பிறந்ததிலிருந்து என்னை 'நீ' என்றுதான் கூப்பிட்டாய். இப்போது பேங்க் மேனேஜருக்கு எழுதுவதுபோல எழுதுகிறாய். பரவாயில்லை. பட்டணம் போனால் மரியாதை வரும் போலிருக்கிறது.

உன் படத்தை சிவா போனில் காட்டினான். அந்த ஷாரோன் பெண் எங்கோ போட்டிருக்கிறாளாம். முகமா அது? ஒரு கண் நெற்றிக்குப் பக்கத்தில், ஒரு கண் கன்னத்தில். பச்சையும் சிவப்புமாக, வெந்த புண் மாதிரி. பட்டுப்புடவை கட்டி, தலைநிறையப் பூ வைத்து, மடியில் அந்தக் கையை முறம் அளவுக்கு விரித்து வைத்திருக்கிறாய். ஊரில் மூக்கும் முழியுமாக இருந்த பெண் என்று எல்லாரும் சொன்ன பெண்ணா இது? அம்மா ஒரு தரம் பார்த்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டாள். நேற்று முழுக்கச் சாப்பிடவில்லை.

போட்டோவில் விரல் ஒட்டியது தப்பு என்கிறாய். எந்த அப்பன் தன் பெண்ணின் குறையை மடியில் வைத்துக் கடைவிரிப்பான்? கட்டிக்கொடுத்தபின் மெதுவாகத் தெரியட்டும் என்று நினைத்தேன். மண்ணூர்க்காரர்கள் நல்லவர்கள்.

இன்னொன்று. சிவாவுக்கு ட்ரெயினிங் முடிகிறது. ஆகஸ்டில் பர்மனென்ட் லிஸ்ட் போடுகிறார்கள். உன் கை போன அதே கம்பெனி. நானும் அதே கேட்டில்தான் செக்யூரிட்டி உடுப்போடு நிற்கிறேன். உள்ளே போகும் ஒவ்வொரு காருக்கும் சல்யூட் அடிக்கிறேன். இதையெல்லாம் யோசித்துத்தான் வரைந்தாயா?

படத்தை உன் ரூமிலேயே வைத்துக்கொள். வெளியே மாட்ட வேண்டாம்.

கீழே ஒரு மூலையில் பேனா பிடித்த கை ஒன்று இருக்கிறது. அது யாருடையது என்று நான் கேட்கவில்லை.

தசரதன்


ராயபுரம்
24 ஜூன் 2025

அப்பாவுக்கு,

கண்காட்சியை நடத்துகிற சங்கரநாராயணன் சார் என் படத்தைப் பார்த்ததும், "இது நியோ எக்ஸ்பிரஷனிசம்" என்றார். எனக்கு அந்தப் பெயர் தெரியாது. கேட்டேன். கண்ணாடியில் தெரிகிற முகத்தை விட்டுவிட்டு, உள்ளே இருந்து அது எப்படி உணரப்படுகிறதோ அப்படி, முரட்டுத்தனமாக, அழகைப் பற்றிக் கவலைப்படாமல் வரைவது என்றார். அப்படியென்றால் அதுதான் சார் என்றேன். பெயர் வைத்துக்கொண்டு வரையவில்லை. பிரஷ் பிடிக்க வரவில்லை, அதனால் ரெட் ஆக்சைடிலும் எனாமலிலும் கையை முக்கி இழுத்தேன். சுவருக்குப் பட்டி பார்க்கிற பிளேடால் சுரண்டினேன். முகம் அப்படித்தான் வந்தது. வந்ததும் எனக்கு அடையாளம் தெரிந்தது.

கோபால் ஸ்டுடியோவில் எடுத்தது பொண்ணு போட்டோ என்றால், இதுவும் பொண்ணு போட்டோதான். அதே புடவை, அதே பூ, அதே நாற்காலி. கையை மட்டும் வெளியே வைத்திருக்கிறேன்.

நீங்கள் கேட்காததற்குப் பதில் சொல்கிறேன். அந்தக் கை உங்களுடையது. ஊரில் வாட்ச்சை உள்மணிக்கட்டில் திருப்பிக் கட்டுகிறவர் நீங்கள் ஒருவர்தான்.

மார்ச் மாதம் மஞ்சுளா என்கிற வக்கீல் மூலம் என் விபத்து ரிப்போர்ட்டின் நகல் கிடைத்தது. மூன்றாம் பக்கத்தில் இப்படி இருக்கிறது: 'எனது மகள் கலைமதி, இயந்திரம் சரியாக இயங்கிக்கொண்டிருந்தபோது, தனது சொந்தக் கவனக்குறைவால் கையை உள்ளே நீட்டியதால் இந்த விபத்து நேர்ந்தது.' கீழே த. தசரதன். உங்கள் கையெழுத்து. ரேஷன் கார்டிலும் என் பள்ளி ரிப்போர்ட்டிலும் பார்த்துப் பார்த்துப் பழகிய கையெழுத்து.

கை உள்ளே போனால், தகட்டை அழுத்தி வெட்டுகிற அந்தப் பிரஸ் மெஷின் தானாக நின்றுவிட வேண்டும். அதற்காகத்தான் இரண்டு பக்கமும் சென்சார். அது அடிக்கடி நிறுத்துகிறது, டார்கெட் வரவில்லை என்று அதைத் துண்டித்து வைத்திருந்தார்கள். நான்கு நாளாக. அந்த நான்கு நாளும் காலையில் உங்கள் வண்டியின் பின்னால் உட்கார்ந்து, "அப்பா, சென்சார் ஆஃப் பண்ணி வச்சிக்கீறாங்கப்பா" என்று சொன்னேன். "பாத்து வேல செய்மா" என்றீர்கள்.

உங்களுக்குத் தெரியும். தெரிந்துதான் கையெழுத்துப் போட்டீர்களா? இதற்கு மட்டும் பதில் எழுதுங்கள்.

கலைமதி


சேரப்பணஞ்சேரி
2.7.2025

கலை,

தெரிந்துதான் போட்டேன்.

ஒரு வாரமாக இந்த ஒரு வரியை எழுதிக் கிழித்துக்கொண்டிருந்தேன். இனி மிச்சத்தை எழுத முடியும்.

உன்னை ஆபரேஷன் தியேட்டருக்குள் கொண்டு போயிருந்தார்கள். உன் அம்மா தரையில் உட்கார்ந்திருந்தாள். என் சட்டையெல்லாம் உன் ரத்தம். எச்.ஆர். ஆபீசர் ஒரு ஃபைலோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். தண்ணீர் பாட்டில் வாங்கிக் கொடுத்தார். "பெரியவரே, இது சும்மா ஃபார்மாலிட்டி. இதுல போட்டாதான் மேல ஆக வேண்டியத நாங்க பாக்க முடியும். உங்க பையன் ஐ.டி.ஐ. முடிக்கப் போறானாமே, அவனையும் உள்ள எடுத்துக்கலாம்" என்றார். படித்துப் பார்த்தேன். கவனக்குறைவு என்ற இடத்தில் கண் நின்றது. "சார், சென்சாரு..." என்றேன். "அதெல்லாம் பேசுனா கேஸாயிடும், லைனு நிக்கும், எரநூறு பேரு வேல போவும். நீங்களே சொல்லுங்க" என்றார்.

நான் சொல்லவில்லை. போட்டேன்.

நிலத்தைக் கம்பெனிக்குக் கொடுத்தபின் எனக்கு இந்தக் கேட்டை விட்டால் வேறு இடமில்லை. உனக்குப் போனது போய்விட்டது, சிவாவாவது நிற்கட்டும் என்று அன்றைக்கு என் மூளை கணக்குப் போட்டது. அதை இன்றைக்கு நியாயம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் நீ என் இடத்தில் இருந்தால் என்ன செய்திருப்பாய் என்று கேட்பேன்.

சிவா இப்போது அதே பிரஸ் ஷாப்பில் நிற்கிறான். அது உனக்குத் தெரியாது. நான்தான் சொல்ல வேண்டாமென்றேன்.

உன் முகம், உன் இஷ்டம். எப்படி வேண்டுமானாலும் வரைந்துகொள். ஆனால் உன் படம் என்று சொல்கிற இடத்தில் என் கை எதற்கு? அதை மட்டும் எடுத்துவிடு. கெஞ்சித்தான் கேட்கிறேன்.

அப்பா


ராயபுரம்
6 ஜூலை 2025

அப்பா,

உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டே படத்தின் முன்னால் போய் நின்றேன். பிளேடை எடுத்தேன். உன் கட்டை விரல்மேல் ஒரு இழுப்பு இழுத்தேன். பெயிண்ட் கொஞ்சம் உரிந்து வந்தது. அதற்குமேல் முடியவில்லை. கோபம் குறைந்து நிறுத்தினேன் என்று நினைக்காதே. எடுத்தால் படம் பொய்யாகிவிடும், அதனால் நிறுத்தினேன்.

'முகமா அது?' என்று கேட்டாயே. அது இப்படி மெஷினால் மட்டும் ஆகவில்லை. இரண்டு வருடம் நானே நம்பினேன், அப்பா. சென்சார் இல்லையென்று தெரிந்தும் கவனக்குறைவாக இருந்தது நான்தான் என்று. எல்லாரும் சொன்னார்கள், ஆஸ்பத்திரியில் பார்க்க வந்த சசிகலா அத்தைகூடச் சொன்னாள், நீ மறுக்கவில்லை. நீ மறுக்காததால் உண்மை என்று நினைத்தேன். என் கையைப் பார்த்து நானே திட்டிக்கொண்டு எத்தனை நாள் சாப்பிட்டிருக்கிறேன், தெரியுமா? நான் யார் என்று யாரோ எழுதிய காகிதத்தில் நீ கையெழுத்துப் போட்டாய். நான் யார் என்று நான் தார்பாயில் எழுதுகிறேன். உன் கை இல்லாமல் என் முகத்தை எப்படி வரைவேன்?

உன் இடத்தில் இருந்தால் என்ன செய்திருப்பேன் என்று கேட்டாய். தெரியவில்லை. நானும் போட்டிருப்பேனோ என்னவோ. ஆனால் கண் விழித்ததும் உன்னிடம் சொல்லியிருப்பேன்.

சிவா பிரஸ் ஷாப்பில் நிற்கிறானா! சென்சார் ஓடுகிறதா என்று அவனைக் கேட்டாயா?

கையை நான் எடுக்க மாட்டேன். உனக்கு எடுத்தே ஆக வேண்டுமென்றால் நீ வா. ஒரு டப்பா ரெட் ஆக்சைடும் ஒரு பிரஷும் கண்காட்சியில் ஷாரோனிடம் கொடுத்து வைக்கிறேன். எல்லார் எதிரிலும் நீயே பூசி மறை. நான் தடுக்க மாட்டேன், ஷாரோனும் தடுக்க மாட்டாள்.

கலை


சேரப்பணஞ்சேரி
23.7.2025

கலை,

வந்தேன். சனிக்கிழமை. நீ வகுப்புக்குப் போயிருந்தாய். ஷாரோன் சொல்லியிருப்பாள். நான் எப்படி நின்றேன் என்பதை அவள் சொல்லியிருக்க முடியாது, அதனால் எழுதுகிறேன்.

பதின்மூன்றாம் தேதி பேப்பரில் உன் படம் வந்தது. கேட்டில் காபி கொண்டு வருகிற பையனிலிருந்து லாரி டிரைவர் வரைக்கும் என் மணிக்கட்டையே பார்த்தார்கள். வாட்ச்சைக் கழற்றிப் பாக்கெட்டில் போட்டேன். ஐந்து நாள் அப்படியே போனது. பிறகு, போய் அழித்துவிட்டு வந்துவிடலாம் என்றுதான் கிளம்பினேன். காலை ஷிப்ட் முடிந்து உடுப்போடு தாம்பரம் போய் ரயில் ஏறினேன்.

ஷாரோன் என்னைப் பார்த்ததுமே டப்பாவை எடுத்து வந்து மூடியைத் திறந்து கொடுத்தாள். நல்ல பெண். பிரஷை முக்கிக்கொண்டு படத்தின் முன்னால் போனேன்.

போனில் பார்த்தது வேறு, கலை. பக்கத்தில் போனால் பெயிண்ட் வரப்பு மாதிரி மேடு மேடாக இருக்கிறது. எல்லா இடத்திலும் மூன்று மூன்று கோடாக உழுதிருக்கிறாய். உன் விரல். அந்த முகத்தை நான் முன்னாலேயே பார்த்திருக்கிறேன். மயக்கம் தெளிந்து நீ கட்டுப்போட்ட கையைத் தூக்கிப் பார்த்தபோது உன் முகம் இப்படித்தான் இருந்தது. ஒரு கண் ஒரு பக்கம், வாய் ஒரு பக்கம் போனது. அன்றைக்கு நான் தலையைக் குனிந்துகொண்டேன். இங்கே எட்டடி உயரத்தில் நிற்கிறாய். குனிந்தால் நேராக என் கை இருக்கிறது.

ஒரு அம்மா தன் மகளோடு வந்து பக்கத்தில் நின்றாள். அந்தப் பெண் கேட்டாள்: "தாத்தா, நீங்க இங்க வாட்ச்மேனா? இந்தக் கை யாரோடதுன்னு தெரியுமா?"

"என்னுதுமா" என்றேன்.

அவள் என்னையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "என்ன கையெழுத்துப் போடுறீங்க?"

"பொய்க் கையெழுத்து."

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, உன் அம்மாவிடம்கூட. முன்பின் தெரியாத பெண்ணிடம் சொல்லிவிட்டேன். பிரஷிலிருந்து சொட்டு என் பூட்ஸில் விழுந்துகொண்டிருந்தது. டப்பாவை மூடி ஷாரோனிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.

திங்கட்கிழமை எச்.ஆர். கூப்பிட்டார். நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். ஒரு தாள் நீட்டினார். மகளுக்கு விபத்துக்குப் பிறகு மனநிலை சரியில்லை, அவள் படத்தில் காட்டியிருப்பது உண்மை அல்ல என்று டைப் அடித்திருந்தது.

"கையெழுத்துதானே பெரியவரே, முன்ன போடலையா?" என்றார்.

"போட்டேன் சார். அதனாலதான் இப்ப போட மாட்டேன்."

"பையன் லிஸ்டுல கீறான், ஞாபகம் வச்சிக்கோங்க."

"வச்சிக்கினுதான் சார் பேசறேன். அவன் நிக்கிற மெஷினுக்கு சென்சார் ஓடல. நேத்து அவன்கிட்ட கேட்டேன். இன்னொரு தாளு இன்னொரு ஆஸ்பத்திரில வச்சி என்னால போட முடியாது."

அன்று மாலையே செக்யூரிட்டி ஏஜென்சிக்காரன் போன் செய்து நாளையிலிருந்து வரவேண்டாம் என்றான். உடுப்பைத் துவைத்து, இஸ்திரி போட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அன்றிலிருந்து எனக்குச் சோற்றைத் தட்டில் போட்டு மூடி வைத்துவிட்டுப் போய்விடுகிறாள். இன்று காலை மண்ணூர் சம்பந்தம் பேசிய தரகர் வேறொரு இடம் இருக்கிறதென்று சொல்லி உன் போட்டோ கேட்டு வந்தார். உன் அம்மா உள்ளே போய், பேப்பரிலிருந்து தான் கத்தரித்து வைத்திருந்த உன் படத்தைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாள். "பொண்ணு இதான். இஷ்டம்னா வரச் சொல்லுங்க, இல்லன்னா வூட்ட பாத்து போவச் சொல்லுங்க" என்றாள். மனுஷன் காபிகூடக் குடிக்கவில்லை.

உன் நம்பரைத் திறந்துவிட்டேன். இருந்தாலும் இதைக் காகிதத்தில் எழுதுவதுதான் சரி என்று தோன்றியது.

அப்பா


ராயபுரம்
10 ஆகஸ்ட் 2025

அப்பா,

கடிதத்தை ஷாரோனுக்குப் படித்துக் காட்டினேன். அம்மா சொன்ன இடத்தில் அவள் கைதட்டினாள். நான் அழுதேன், சிரித்தேன், இரண்டும்.

மஞ்சுளா வக்கீல் என் மனுவை ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் அலுவலகத்தில் கொடுத்துவிட்டார். ஆறாம் தேதி என்னை விசாரித்தார்கள். ஒன்றரை மணி நேரம். கையைக் காட்டச் சொன்னார்கள், மேசைமேல் வைத்தேன், எடுக்கவே இல்லை. ஒருவர் கேட்டார், "இந்தப் படம் விளம்பரத்துக்கா?" என்று. "சார், ரிப்போர்ட்டில் என்னைப் பற்றி ஒரு வரி இருக்கிறது. அதை நான் எழுதவில்லை. நான் எழுதியது இதுதான்" என்று சொல்லி, படத்தின் பிரிண்டைப் பக்கத்தில் வைத்தேன். ஃபைலில் சேர்த்துக்கொண்டார்கள்.

உனக்கும் சம்மன் வரும். தனியாகத்தான் விசாரிப்பார்கள். என்ன சொல்ல வேண்டும் என்று போனில் கேட்டாய். நான் சொல்லித்தர மாட்டேன். இன்னொருவர் எழுதிக் கொண்டுவந்ததில் கையெழுத்துப் போட்டதால்தான் இவ்வளவும் வந்தது. ஒன்று மட்டும் தெரிந்துகொள்: முன்னால் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது பொய் என்று நீ சொன்னால் உன் மேலும் வழக்கு வரலாம் என்கிறார் மஞ்சுளா. தெரிந்தே முடிவு செய். நீ போகவில்லை என்றாலும் என் படம் மாறாது. நான் பின்வாங்கவும் மாட்டேன்.

உனக்கு வேலை போனதற்கு நான் மன்னிப்புக் கேட்க மாட்டேன். ஆனால் அந்த உடுப்பை நீ இஸ்திரி போட்டுக் கொடுத்தாய் என்று படித்தபோது உன்னைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

கலை


ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்ட்
4.9.2025

கலை,

டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். வீட்டுக்குப் போனால் சொல்வதற்குள் பாதி மறந்துவிடும்.

முடிந்தது. இன்ஸ்பெக்டர் அம்மா பழைய தாளைக் காட்டி, "இது உங்க கையெழுத்தா?" என்றார். ஆமாம் என்றேன். "இதுல எழுதியிருக்கறது உண்மையா?" இல்லை என்றேன். "தெரிஞ்சே போட்டீங்களா?" தெரிஞ்சேதான் என்றேன். எழுதிக்கொண்டிருந்த கிளார்க் பேனாவை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"உங்க மேலயும் நடவடிக்கை வரும். புரியுதா?" என்றார் அந்த அம்மா.

"புரியுதும்மா. எழுதிக்கச் சொல்லுங்க."

நானே எழுதித் தருகிறேன் என்று தாள் கேட்டேன். இரண்டு பக்கம் எழுதினேன். சென்சார் ஆஃப் செய்திருக்கிறார்கள் என்று நான்கு நாள் நீ சொன்னதை, வண்டியில் எந்த இடத்தில் வரும்போது சொன்னாய் என்பது வரைக்கும் எழுதினேன். என் மகள் கவனமாகத்தான் வேலை செய்தாள், கவனக்குறைவு என்னுடையது, அதைவிடப் பெரியது மெஷினை அப்படி ஓட்டியவர்களுடையது என்று முடித்தேன். அந்த அம்மா அதை உரக்கப் படித்தார். என் எழுத்தை இன்னொருவர் குரலில் கேட்டது எனக்கு இதுதான் முதல் தடவை. நன்றாகத்தான் எழுதியிருக்கிறேன்.

வெளியே வந்து போனைப் பார்த்தால் சிவாவிடமிருந்து எட்டு மிஸ்ட் கால். கூப்பிட்டேன். பின்னால் ஒரே சத்தம்.

"இன்னாடா ஆச்சு? கை நல்லா கீதா?"

"நல்லா கீதுப்பா. மெஷின நிறுத்திட்டோம். சென்சார போட்டாதான் தொடுவோம்னு எழுதி குடுத்துட்டோம். பன்னண்டு பேரு."

"லிஸ்டு?"

"போன மாசம் போடாம வச்சிருந்த லிஸ்ட கீச்சிட்டாங்களாம். கீச்சட்டும்."

பன்னிரண்டு கையெழுத்தில் முதல் கையெழுத்து யாருடையது என்று கேட்டேன். சிரித்தான். அவனுக்கு நான் எதுவும் சொல்லிக் கொடுக்கவில்லை, கலை.

அவர்கள் எல்லாரும் கேட்டுக்கு வெளியே வெயிலில் உட்கார்ந்திருக்கிறார்களாம். தண்ணீர் கேன் வாங்கிக்கொண்டு இப்போது அங்கேதான் போகிறேன். உனக்கு வகுப்பு முடிந்தால் நீயும் வந்துவிடு.

அப்பா